கையில் காசு குறைவு, தஞ்சாவூரில் வீடு வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

ஒரத்தநாடு, பேராவூரணி, திருத்துறைப்பூண்டி பக்கமிருந்து தஞ்சாவூருக்குக் குடிவர நினைக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஜவுளிக்கடை வேலை, மெடிக்கல் காலேஜில் துப்புரவு வேலை, கொத்து வேலை, பிள்ளைகள் படிப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கட்டும், வீட்டுக்கு வருகிற மொத்தப் பணமே மாதம் 12,000, 15,000 என்றால் வீடு தேடும் முறையே வேறு. கும்பகோணம், திருச்சி, மயிலாடுதுறைக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும், மாறும் இடத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. மலிவான வீடு இணையத்தில் வராது. போட்டோ எடுத்து ஏற்றுகிற அளவுக்கு வீடு இருந்தால் அதன் வாடகையும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும். லைன் வீடு, பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டு, மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை, இதெல்லாம் வாய்வழியாகவே காலியாகி வாய்வழியாகவே நிரம்பிவிடும். செல்போனில் தேடுவது அந்தப் பகுதியில் பொதுவாக என்ன ரேட் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான். இன்னொன்று, 'நான் ராணுவத்தில் இருக்கிறேன், வெளியூரில் போஸ்டிங், டோக்கன் அட்வான்ஸ் அனுப்பினால் சாவி கொரியரில் வரும்' என்று யாராவது பேசினால் போனை வைத்துவிடுங்கள். வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு ரூபாய்கூட ஜிபே செய்யாதீர்கள்.

கணக்கு போடுவது

வாடகையை மட்டும் பார்த்து வீடு பிடிப்பவர்கள்தான் ஆறு மாதத்தில் மறுபடி மூட்டை கட்டுகிறார்கள். ஒரு பேச்சுக்கு, கீழவாசல் பக்கம் ஒரு வீடு 5,500, வல்லம் தாண்டி ஒரு வீடு 3,800 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1,700. கணவருக்கு வேலை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில், கடை அடைக்க இரவு ஒன்பதரை ஆகிவிடும், அந்த நேரத்துக்கு மேல் டவுன் பஸ் அரிது என்றால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஷேர் ஆட்டோ, இல்லாவிட்டால் தனி ஆட்டோ. மீதி நாளுக்குப் பஸ் காசு. குடிதண்ணீர் கேன் வாங்கும் ஏரியா என்றால் அதற்கு ஒரு தொகை. அந்த 1,700 போன இடம் தெரியாது.

ஆனால் வேலைக்குப் போவது வீட்டுப் பெண் என்றால் கணக்கு தலைகீழ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதனால் நான் சொல்லும் வழி இது: வீட்டை ஆணின் வேலையிடத்துக்கு நடக்கும் தூரத்தில், அல்லது சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் பாருங்கள்; பெண்ணின் வேலையிடம் அதே டவுன் பஸ் தடத்தில் இருந்தால் போதும். பஸ் வருகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். மழைக்காலத்திலும் அது வருமா என்றும் கேளுங்கள்.

ரயில் தடத்தை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் பக்கம் அய்யம்பேட்டை, பாபநாசம். திருச்சி பக்கம் பூதலூர், திருவெறும்பூர். இங்கெல்லாம் பாசஞ்சர் நிற்கும், மாத சீசன் டிக்கெட் பஸ் செலவோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு, வாடகையும் நகரத்தைவிடக் குறைவு. வேலை நேரம் ரயில் நேரத்தோடு ஒத்துப்போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பேன். ஷிப்ட் மாறி மாறி வருகிறவர்களுக்கு இது வேண்டாம்.

நகரத்துக்குள் மெடிக்கல் காலேஜ் ரோடும் வல்லம் சாலையும் விலை கூடின இடங்கள். ஆஸ்பத்திரி, கல்லூரிகள், நான்கு பையன்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்து ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் வழக்கம், இதோடு ஒரு குடும்பம் போட்டி போட முடியாது. கரந்தை, கீழவாசல், பூக்காரத் தெரு, விளார் சாலை, மாரியம்மன் கோவில் பக்கம் என்று பாருங்கள். நான்கு ராஜ வீதிகளை ஒட்டிய சந்துகளில் இன்னும் பழைய வீடுகள் ஒண்டிக்குடித்தனமாக விடப்படுகின்றன. இருட்டு, கழிவறை பொது, ஆனால் எல்லாம் நடக்கும் தூரம்.

எப்போது தேடுவது

ஆடியில் தேடுங்கள். மார்கழியும் அப்படியே. அந்த மாதங்களில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், வீடு சும்மா பூட்டிக் கிடக்கும், வீட்டுக்காரருக்கு ஒரு மாத வாடகை போய்க்கொண்டிருக்கும் எரிச்சல் இருக்கும். ஆடி கடைசி வாரத்தில் பேசி முடித்து ஆவணி முதல் முகூர்த்தத்தில் குடி வருகிறேன் என்றால் பெரும்பாலோர் வாடகையில் கொஞ்சம் இறங்குவார்கள். உங்களுக்கு மாதம் பார்க்கும் வழக்கம் இல்லையென்றால் இன்னும் வசதி. மே, ஜூனில் தேடினால் பள்ளிக்கூடச் சேர்க்கைக் கூட்டத்தோடு மோத வேண்டும், அப்போது பேரம் பேசவே விடமாட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகைக்கு வேறொரு பயன் இருக்கிறது. வாடகை குறையாது, ஆனால் வீட்டின் லட்சணம் தெரிந்துவிடும். அதைக் கீழே சொல்கிறேன்.

யாரிடம் கேட்பது

ஏரியாவை முடிவு செய்தபின் அங்கே காலையில் ஒரு டீக்கடை, சாயங்காலம் ஒரு இஸ்திரிக் கடை. தெருவில் எந்த வீடு காலி, எது காலியாகப் போகிறது, எந்த வீட்டுக்காரர் அடிக்கடி ஆளை மாற்றுகிறார் என்பதெல்லாம் இஸ்திரி போடுகிறவருக்குத் தெரியும். சிலிண்டர் போடும் அண்ணன், தண்ணீர் கேன் போடும் தம்பி, பால்காரர், ரேஷன் கடை வரிசை, இவர்களும் அப்படியே. 'டூ லெட்' போர்டு பெரும்பாலும் மெயின் ரோட்டில்தான் தொங்கும், சந்துக்குள் இருக்கும் வீட்டுக்கு யாரும் போர்டு வைப்பதில்லை. உங்கள் ஊர்க்காரர் யாராவது ஏற்கெனவே அங்கே குடியிருந்தால் பாதி வேலை முடிந்தது, அவர் போய் ஒரு வார்த்தை சொன்னால் அட்வான்ஸ்கூடக் குறையும்.

புரோக்கர் தப்பில்லை. வழக்கமாக ஒரு மாத வாடகை கேட்பார், சிறிய வீட்டுக்கு அரை மாதத்துக்குப் பேசிப் பார்க்கலாம். எதுவானாலும் அக்ரிமெண்ட் போட்ட அன்று கொடுங்கள். வீடு காட்டவே 200, 300 என்று முன்கூட்டிக் கேட்பவரிடம் போக வேண்டாம், அவருக்கு வருமானமே அந்தக் காட்டுகிற காசுதான்.

வாசலில் நடக்கும் பேச்சு

'எந்த ஊருப்பா?'

'பாப்பாநாடு பக்கம்மா.'

'பாப்பாநாட்டுல எங்க? எந்தத் தெரு?'

ஊரைக் கேட்பது பேச்சுக்கு. தெருவைக் கேட்பது சாதியைத் தெரிந்துகொள்ள. இதை இங்கே மூடி மறைத்து எழுத முடியாது, வீடு தேடுகிற எல்லோரும் முதல் நாளே சந்திப்பது இதைத்தான். சிலர் நேராகவே கேட்பார்கள், சிலர் 'சைவம்தானே?' என்று சுற்றி வருவார்கள், சிலர் பெயரைக் கேட்டதும் 'அடடா, நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாரு' என்பார்கள். அடுத்த வாரம் பார்த்தால் வீடு பூட்டியே இருக்கும். தலித் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் தனியாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் பெண்களும் இதை அதிகம் அனுபவிக்கிறார்கள். காரணத்தைச் சொல்லாமல் 'வீடு போயிடுச்சு' என்று கதவைச் சாத்துகிறவரை எந்தப் பேப்பரைக் கொண்டும் பிடிக்க முடியாது, அதுதான் உண்மை.

நடைமுறையில் உதவுவது இரண்டு. ஒன்று, வீட்டைப் பார்க்க நடையாய் நடப்பதற்கு முன்பே போனில் நேராகச் சொல்லிக் கேட்டுவிடுவது: 'நாங்க இன்னார், கறி சமைப்போம், பிரச்சனை இல்லையே?' பஸ் காசும் மனசும் மிச்சம். இரண்டாவது, வீட்டுக்காரர் வேறு ஊரில் இருக்கும் வீடுகள், வரிசையாக ஆறு எட்டு போர்ஷன் கட்டி விட்டிருக்கும் லைன் வீடுகள், இவற்றில் இந்தக் கேள்வி குறைவு. அங்கே முதல் தேதியில் வாடகை வருகிறதா என்பதே பேச்சு. பொய் சொல்லிக் குடிபோவது வேண்டாம் என்பேன். குடிபோனபின் தெரிந்து, பிள்ளைகளுக்கு எதிரில் வார்த்தை வாங்குவது எந்த வாடகைக்கும் தகாது.

வீட்டைப் பார்க்கும்போது

டெல்டாவில் வீடு பார்ப்பது என்றால் தண்ணீரைப் பார்ப்பது. இங்கே புதிய நகர்கள் பாதிக்கு மேல் வயலைத் தூர்த்துப் போட்ட மனைகள். மண் அடித்து மேடாக்கியிருந்தாலும் பழைய வாய்க்கால் எந்த வழியில் போனதோ அந்த வழியில்தான் மழைத்தண்ணீர் இன்றும் வரும். அறைக்குள் போனதும் சுவரின் அடியைப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் மட்டும் புதிதாக, மேலே பழசாக இருந்தால், அல்லது ஒரே மட்டத்தில் கோடு போட்டாற்போல உப்புப் பூத்து உதிர்ந்திருந்தால், அது வரை தண்ணீர் நின்றிருக்கிறது, அல்லது ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள். பீரோ, கட்டில் மறைத்த இடத்தையும் நகர்த்திப் பாருங்கள். கதவின் அடிப்பகுதி உப்பியிருக்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். அப்புறம் வாசலுக்கு வந்து ரோட்டைப் பாருங்கள்: ஒவ்வொரு தடவையும் ரோடு மேல் ரோடு போட்டு வீடு பள்ளத்தில் போயிருந்தால் சாக்கடை நிரம்பும்போது முதலில் உங்கள் நடைக்குள்தான் வரும். வீட்டுக்காரரிடம் 'மழைக்குத் தண்ணி நிக்குமா' என்று கேட்டுப் பயனில்லை. எதிர் வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள், எந்த வருஷம் எதுவரை வந்தது என்று கையால் காட்டுவார். ஐப்பசி, கார்த்திகையில் வீடு பார்ப்பவர்களுக்குக் கேட்கவே தேவையில்லை.

செப்டிக் டேங்க். புறநகரில் பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்கள் நிறைய. நிலத்தடி நீர் மேலே ஏறும் மாதங்களில் டேங்க் சீக்கிரம் நிரம்பிவிடும், நான்கு போர்ஷனுக்கு ஒரு டேங்க் என்றால் சொல்லவே வேண்டாம். லாரி வரவழைக்கும் செலவு யாருடையது என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

மேலே சிமெண்ட் ஷீட் என்றால் மதியம் ஒரு மணிக்குப் போய் ஒரு பத்து நிமிஷம் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். சித்திரையில் அதுதான் உங்கள் வீடு. ஷீட்டை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகள் துருப்பிடித்து விட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கம் ஓடுகளும் ஷீட்டுகளும் போன கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குடிநீர்: கார்ப்பரேஷன் குழாய் வீட்டுக்குள்ளா, தெருவிலா, எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் வரும். போர் தண்ணீரைக் கையில் ஊற்றி வாயில் வைத்துப் பாருங்கள், நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர் என்றால் கட்டாயம். கழிவறை எத்தனை குடும்பத்துக்கு, உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, ராத்திரி லைட் இருக்கிறதா.

தாராசுரம் பக்கம் தறி வீடுகள் வாடகைக்கு வரும். தறிக்குழியை மூடி, சிமெண்ட் பூசிக் கொடுப்பார்கள். மூடிய இடம் இறங்குகிறதா என்று மிதித்துப் பாருங்கள்.

மனை யாருடையது

இது இந்தப் பக்கத்துக்கே உரிய சிக்கல். கும்பகோணத்திலும் கோயில் ஊர்கள் எல்லாவற்றிலும் நிறைய வீடுகள் கோயில் மனையில் நிற்கின்றன. மனை கோயிலுக்கு, மேலே கட்டடம் வீட்டுக்காரருக்கு, அவர் கோயிலுக்கு மனை வாடகை கட்டுவார், நீங்கள் அவருக்கு வீட்டு வாடகை கொடுப்பீர்கள். அவர் கோயிலுக்குப் பாக்கி வைத்தாலோ, உள்வாடகைக்கு விட அனுமதி இல்லாமல் விட்டிருந்தாலோ, அறநிலையத் துறை நோட்டீஸ் ஒட்டி சீல் வைக்க வரும்போது உள்ளே இருப்பது நீங்கள். சமீபத்திய கோயில் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அட்வான்ஸைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, புது ஆற்றுக் கரை ஓரங்களில் குறைந்த வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் புறம்போக்கு. மின் இணைப்பு இருப்பதால் பட்டா இருப்பதாக அர்த்தம் இல்லை. வேறு வழியில்லாமல் போகிறீர்கள் என்றால் அட்வான்ஸ் ஒரு மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

அடுத்தது வாரியக் குடியிருப்பு. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். இந்த வீடுகள் பெரும்பாலும் வாடகைக்கு அல்ல, சொந்த வீடில்லாத குடும்பத்துக்குப் பங்களிப்புத் தொகை வாங்கிக்கொண்டு ஒதுக்குவது. மனு கொடுக்க விரும்பினால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேராகக் கொடுங்கள், நடுவில் ஆள் தேவையில்லை. 'ஒரு லட்சம் கொடு, வீடு வாங்கித் தருகிறேன்' என்பவரிடம் ஏமாந்து நிற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒதுக்கீடு பெற்றவரிடம் வாடகைக்கு எடுப்பதும் ஆபத்துதான், அவர் வாடகைக்கு விடக் கூடாது என்பது நிபந்தனை, ஆய்வுக்கு வந்தால் வெளியேறுவது நீங்கள். தனியாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதி தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இருக்கிறது, குடும்பத்தை அழைத்து வரும் வரை அங்கே தங்கி நிதானமாக வீடு தேடலாம்.

பணமும் காகிதமும்

2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது (சட்டம் 2017-ஆம் ஆண்டுடையது). அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். வேறு மாதிரி நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வெள்ளையடிப்பது, ஒயரிங், குழாய் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் ஊர் வழக்கம் என்ன தெரியுமா? 'பத்திரத்தில் 11 மாசத்துக்கு எழுதிக்கலாம், காலி பண்ணும்போது வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை பிடிச்சுக்குவேன்.' சின்ன வீட்டுக்காரர்கள் பலர் பதிவுக்கு வரமாட்டார்கள், வற்புறுத்தினால் வீடே கிடைக்காது என்பதும் தெரிந்ததுதான். குறைந்தபட்சம் இவை அந்தப் பத்திரத்திலாவது இருக்கட்டும்: அட்வான்ஸ் தொகை எழுத்தாலும் எண்ணாலும், வாடகை எப்போது எவ்வளவு ஏறும், கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, பிடித்தம் என்ன. வாடகையை ஜிபேயில் கொடுத்து 'ஆவணி மாத வாடகை' என்று குறிப்பும் போட்டுவிடுங்கள். கையில்தான் வாங்குவேன் என்றால் ஒரு நோட்டில் கையெழுத்து.

கரண்ட் கணக்கில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இருந்தால் அது உங்களுக்கு, ஒரு ஃபேன், ஒரு டிவி, இரண்டு லைட் குடும்பத்துக்குப் பில் ரொம்பக் குறைவாக வரும். நான்கு போர்ஷனுக்கு ஒரே இணைப்பு, உள்ளே சப்-மீட்டர் என்றால் எல்லோர் யூனிட்டும் ஒன்றாகக் கூடி மேல் ரேட்டுக்குப் போய்விடும், வீட்டுக்காரரும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று முதல் யூனிட்டிலிருந்தே வாங்குவார். ஆகவே வாடகை 300 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் தனி மீட்டர் வீட்டை எடுங்கள். மோட்டார் யார் மீட்டரில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள்.

போக்கியத்துக்கு வருகிறீர்களா? இரண்டு மூன்று லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் வாடகையே இல்லை, காலி செய்யும்போது முழுப் பணமும் வரும் என்பது கேட்க இனிப்பாக இருக்கும், அதுவும் நகையை விற்றோ நிலத்தை விற்றோ கையில் பணம் இருக்கும்போது. பதிவு செய்யாத போக்கியத்துக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். வீடு ஏற்கெனவே வங்கிக் கடனில் இருந்து, அவர் தவணை கட்டாமல் விட்டால் வங்கி ஏலத்துக்கு வரும்போது உங்கள் லட்சங்களுக்கு வரிசையில் இடம் கிடைப்பது கடினம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களை, இலவசமாகப் பார்க்கலாம், சர்வே எண் இருந்தால் போதும். பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும்.

கும்பகோணத்துக்காரர்களுக்கு மட்டும் ஒன்று: அடுத்த மகாமகம் 2028-ல். அந்தச் சமயத்தில் குளத்தைச் சுற்றியுள்ள வீடுகளை யாத்ரீகர்களுக்குத் தினவாடகைக்கு விடும் ஆசை வரும் என்பது என் கணிப்பு. ஒப்பந்தக் காலம் அந்த மாசி மாதத்துக்கு நடுவில் முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

குடிபோனபின்

முதல் நாளே மீட்டர் ரீடிங்கையும், ஏற்கெனவே உடைந்த ஓடு, வெடித்த தரை, ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பிறகு பிடித்தம் பேசும்போது தேதியோடு இருக்கும். ஆதார் நகல் கேட்டால் கொடுங்கள், குறுக்கே 'வாடகைக்காக' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள்.

ரேஷன் கார்டை உடனே மாற்றியாக வேண்டும் என்று ஓட வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். முகவரி மாற்றத்தைப் பொறுமையாக இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். கேஸ் இணைப்பு மாறும் வரை 5 கிலோ சிலிண்டர் அடையாள அட்டையைக் காட்டினாலே கிடைக்கும்.

வாடகை தாமதமானதற்காக வீட்டுக்காரர் ஃபியூஸைப் பிடுங்குவது, தண்ணீரை நிறுத்துவது, பூட்டு போடுவது எதுவும் சட்டப்படி கூடாது. ஆனால் எடுத்த எடுப்பில் சட்டம் பேசாதீர்கள், முதலில் தெருவில் இரண்டு பேர் அறிய, அவரும் மதிக்கிற ஒருவரை வைத்துப் பேசுங்கள், பாதி சங்கதி அங்கேயே முடியும். முடியாவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. போனில் கேட்பதென்றால் 15100. போகும்போது அந்தப் பத்திரத்தையும், வாடகை கொடுத்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.